எட்டாயிரம் வெள்ளிக்கு ஒரு பழைய நிஞ்ஜா

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில்தான் என் அக்காள் மகன் அந்தப் பேச்சை எடுத்தான். கிள்ளான் தாமான் ஸ்ரீ அண்டாலாசில் அவர்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். கைபேசியை என் பக்கம் நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. 2010 நிஞ்ஜா. 250தான். எட்டாயிரம் கேக்குறான், கொறைப்பான்." பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது வண்டி. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்காள் அங்கிருந்தே சொன்னாள்: "அந்த மோட்டார் இந்த வாசலுக்கு வந்தா நான் வெளிய போயிடுறேன்."

அவள் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எந்தத் தமிழ்க் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். எங்கள் குடும்பத்திலும் உண்டு.

பையனுக்கும் காரணம் இருந்தது. வேலை கே.எல். சென்ட்ரலில். காரில் போனால் காலையில் ஒன்றரை மணி நேரம், வாகன நிறுத்தக் கட்டணம் தனி. அப்பா விட்டுப்போன பழைய கப்சாயில்தான் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தான். வயது இருபத்து மூன்று, கையில் பி2 உரிமம். அந்த உரிமத்துக்கு 250 சிசி வரைதான் அனுமதி. நிஞ்ஜா 250ஆர் 249 சிசி. சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. கடைசியில் அக்காள் என்னைப் பார்த்து, "நீ போய்ப் பாரு. நீ சரின்னா சரி" என்று சொல்லிவிட்டாள். பொறுப்பு என் தலையில்.

நான் ஃபோர்மேன் இல்லை. இளம் வயதில் ஓர் ஆர்எக்ஸ்இசட்டை வைத்துக்கொண்டு, தெருவில் தள்ளிக்கொண்டு நடந்த அனுபவம் உள்ளவன், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஆர்எக்ஸ் 100 என்றால் எப்படி ஒரு தலைமுறை உருகுமோ, இங்கே யமஹா ஆர்எக்ஸ்இசட் அப்படி. 133 சிசி, டூ ஸ்ட்ரோக், 2011 வரை வந்துகொண்டிருந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்குப் புதிதாக வந்த காலத்து விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். ஹோண்டா என்எஸ்ஆர் 150, கவாசாக்கி கேஆர்ஆர் 150 கதையும் இதேதான். பையன் முதலில் கேஆர்ஆர் மீதுதான் கண் வைத்திருந்தான். வேண்டாம் என்றேன். அவை சேகரிப்பவர்களின் வண்டிகள். உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டும். கைப்பிடியை விட்டால் என்ஜின் வேகத்தை அதிகம் பிடித்து நிறுத்தாது. அதோடு திருடர்களுக்கும் அவைமேல் ஆசை அதிகம். தினமும் வேலைக்குப் போக ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிதான் சரி. 2017இல் மோடெனாஸ் கொண்டுவந்த பல்சர் ஆர்எஸ் 200ஐயும் சொல்லிப் பார்த்தேன். இந்தியாவின் பஜாஜ் வடிவமைத்தது, ஒற்றை சிலிண்டர், நிஞ்ஜாவைவிட வயது குறைவு. பையன் காதில் வாங்கவில்லை. இரட்டை சிலிண்டர் சத்தம் அவனைப் பிடித்துவிட்டது.

முதலில் பார்த்த வண்டி

கைபேசியில் காட்டிய அந்தப் பச்சை வண்டியைப் பார்க்கக் காப்பார் பக்கம் போனோம். வண்டி நன்றாகவே இருந்தது. "கிராண்ட் எங்க?" என்று கேட்டதும் விற்பவர் குரல் மாறியது. கிராண்ட் வங்கியிடம் இருக்கிறது, மாதம் இருநூற்றுச் சொச்சம் தவணை, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி, "நீங்க மூவாயிரம் கொடுத்துட்டு மீதியைக் கட்டிக்கிட்டு வாங்க தம்பி, முடிஞ்சதும் பேரு மாத்திடலாம்." நம் ஊரில் இதற்குச் சம்புங் பாயார் என்று பெயர். கேட்கும்போது நல்ல பேரமாகத்தான் தோன்றும்.

இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் விழுகிறார்கள். தவணை முடியாத வண்டி வங்கிக்குச் சொந்தம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, வங்கி சம்மதிக்காமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்றுவது குற்றம். நீங்கள் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் அனுப்பினாலும், வாங்கிக்கொண்டவர் வங்கியில் கட்டாமல் விட்டால் வண்டியை இழுத்துப் போவார்கள். உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. விபத்து என்றால் காப்புறுதி யார் பெயரில்? விற்றவருக்கும் நிம்மதி இல்லை, நீங்கள் வாங்கும் சம்மன் எல்லாம் அவர் பெயருக்கே போகும். பையன் என் முகத்தைப் பார்த்தான். "வா, தே தாரேக் குடிக்கலாம்" என்று அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டி மூன்று வாரம் கழித்து பிரிக்பீல்ட்சில் கிடைத்தது. துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடியில் வசிக்கும் ஒருவர், குழந்தை பிறந்துவிட்டது, கார் வாங்கப் போகிறேன் என்றார். 2010 மாடல், கறுப்பு. கிராண்ட் அவர் கையில், அவர் பெயரில். வண்டியைப் பார்க்கும் முன் கிராண்டைப் பார்த்தோம். அதில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். எண் சுரண்டியதுபோல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

வருமுன்னே அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. சூடாக இருந்திருந்தால், காலையில் எழுப்ப வண்டி மறுக்கிறது, அதை மறைக்க முன்கூட்டியே ஓட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். நாலைந்து மாதம் சும்மா நின்ற கார்புரேட்டர் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். பெட்ரோல் உள்ளே பிசினாகி நுண்துளைகளை அடைத்திருக்கும்.

அதன் பிறகு பளபளப்பைப் பார்க்கவே இல்லை. நிஞ்ஜா மாதிரி வண்டிகளுக்கு உடல் முழுக்கப் புதிய ஃபேரிங் மாட்டிவிட்டால், கீழே விழுந்த கதை ஒன்றும் தெரியாது. அதனால் மாற்ற மறந்த இடங்களைத் தேட வேண்டும். பிரேக் லீவர் நுனி, ஹேண்டல் முனை, கால் வைக்கும் கட்டையின் ஓரம், என்ஜின் மூடியின் பக்கவாட்டு. இந்த வண்டியில் இடது பக்கக் கட்டை தேய்ந்திருந்தது. கேட்டதும், நின்ற இடத்தில் ஒருமுறை சாய்ந்தது என்று ஒப்புக்கொண்டார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டலை இருபுறமும் திருப்பினோம், நடுவில் எங்கும் சிக்கவில்லை. அதுதான் வேண்டியிருந்தது. முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டினேன், எண்ணெய் ஒட்டியது. சீல் போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் பல் தெரியும் அளவுக்கு எழும்பியது. அதுவும் போச்சு.

டயர்தான் என்னைப் பயமுறுத்தியது. பள்ளம் ஆழமாக இருந்தது, பார்க்கப் புதுசு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர்! வண்டி அதிகம் ஓடவில்லை, டயர் தேயவில்லை. ஆனால் ரப்பர் கல்லாகியிருந்தது. மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்த டயரோடு பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று பையனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

என்ஜினை எழுப்பி பத்து நிமிடம் ஓடவிட்டோம். சூடேறியதும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றியது. பங்சார் நெரிசலில் இது வேலை செய்யாவிட்டால் என்ஜின் வெந்துவிடும். புகை இல்லை. விலை 7,500 வெள்ளிக்கு இறங்கியது. பெயர் மாற்ற இருவரும் ஜேபிஜே முகப்பிடத்துக்குப் போய்க் கைரேகை வைத்தார்கள். கிராண்டில் பெயர் மாறிய பிறகுதான் முழுப் பணமும் கைமாறியது.

விலைக்குப் பின்னால் வந்த விலை

வாங்கிய அன்றே வீட்டுக்கு ஓட்டிவரவில்லை. தெரிந்த ஃபோர்மேன் பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினோம். இரண்டு டயர் 480 வெள்ளி, சங்கிலியும் ஸ்ப்ராக்கெட்டும் 320, ஃபோர்க் சீல் 180, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் 150, என்ஜின் ஆயிலும் கூலண்டும் 140, பேட்டரி 130. மொத்தம் 1,400. பையன் வாயடைத்துப் போனான். பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்குகிறவர்கள் கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள், அதன் பிறகு தேய்ந்த டயரிலேயே ஒரு வருடம் ஓடுகிறார்கள். நான் முதலிலேயே 2,000 வெள்ளியைத் தனியாக வைக்கச் சொல்லியிருந்தேன், அதனால் தப்பித்தான்.

சாலைவரி ஒரு சின்ன அதிர்ச்சி. 150 சிசி வரை ஆண்டுக்கு 2 வெள்ளிதான். 200க்கு மேல் 250 வரை என்றால் 50 வெள்ளி. காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டும் எடுத்தான். அதில் வண்டி திருடு போனால் ஒரு காசு கிடைக்காது, ஆகவே நல்ல டிஸ்க் பூட்டு ஒன்றும் வாங்கினோம்.

கால் மறக்க மறுத்தது

வண்டியைப் பற்றி இத்தனை யோசித்த எனக்கு, ஓட்டுபவனைப் பற்றி ஒன்று தோன்றாமல் போனது. கப்சாயில் கிளட்ச் லீவர் இல்லை. கியரை ஏற்ற முன்பக்கம் மிதிக்க வேண்டும். நிஞ்ஜாவில் மிதித்தால் கியர் இறங்கும், ஏற்ற வேண்டுமென்றால் பாத நுனியால் தூக்க வேண்டும். நேர் எதிர். அவசரத்தில் பழைய பழக்கத்தில் மிதித்துவிட்டால், வேகமாகப் போகும்போது சின்ன கியர் விழுந்து பின்சக்கரம் இறுகிச் சறுக்கும். பிரேக்கும் அப்படித்தான். கப்சாய்க்காரர்களுக்கு வலது கால்தான் பிரேக். இந்த வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் டிஸ்க். அதைப் பதற்றத்தில் சடாரென்று பிடித்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டி, முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

முதல் ஞாயிறு காலை, மேரு பக்கம் ஆளரவம் இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டவிட்டேன். ஏழு தடவை தப்பாக மிதித்தான். எண்ணிக்கொண்டே நின்றேன். நான்கு ஞாயிறு இப்படியே போனது. வேலைக்குக் கப்சாய், ஞாயிறு மட்டும் நிஞ்ஜா. "போதும் மாமா" என்று மூன்றாம் வாரமே முணுமுணுத்தான். கப்சாயைவிட அறுபது எழுபது கிலோ கனமான, 13,000 சுற்று வரை கத்தக்கூடிய இயந்திரம் அது. நான் விடவில்லை. பிரேக்கை மெல்லத் தொட்டு, பிறகு அழுத்தும் பழக்கம் வரும்வரை நெடுஞ்சாலை கிடையாது.

நெடுஞ்சாலை என்றால் எங்களுக்கு மோட்டார் சைக்கிள் தடம். 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையோரம் போட்டது. காரோடும் லாரியோடும் உரச வேண்டாம் என்பது அதன் புண்ணியம். ஆனால் அது சின்ன மோட்டார்களுக்காக வந்த குறுகலான பாதை. திடீர் வளைவுகள், பாலத்தடிச் சுரங்கங்கள், மழைக்குப் பின் மணல், தேங்கிய தண்ணீர். பின்னால் வரும் வேகக்காரன் ஹாரன் அடித்தால் அவனுக்கு வழிவிடு, அவனோடு ஓடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னபடி செய்கிறானா என்று எனக்குத் தெரியாது. கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டும்போது அக்காள் ஞாபகம் வரும் என்று அவனே ஒருநாள் சொன்னான்.

தலைக்கவசத்தில் மட்டும் பேரம் பேசவில்லை. 1973லிருந்து நம் நாட்டில் அது கட்டாயம். சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து, முகம் முழுவதும் மூடும் வகையை நானே வாங்கிக் கொடுத்தேன்.

வண்டி வந்து இப்போது பத்து மாதம். போக வர ஒரு நாளைக்கு 66 கிலோமீட்டர். கவாசாக்கி கையேடு 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொல்கிறது, அதாவது இவன் கணக்கில் ஒன்பது வேலை நாளுக்கு ஒருமுறை. மழையில் நனைந்தால் அன்றிரவே. வால்வு இடைவெளி பார்ப்பது 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. வாரக்கடைசியில் மட்டும் உலு யாம் பக்கம் போய்வருபவனுக்கு அது சில வருடத்தில் வரும். இவனுக்கு எட்டு மாதத்தில் வந்துவிட்டது. ஓடத்தானே செய்கிறது என்று பலர் தள்ளிப்போடும் வேலை இது. இடைவெளி குறைந்துகொண்டே போனால் வால்வு சரியாக மூடாது, சூடு தாங்காமல் கருகும், சத்தமும் கொடுக்காது. ஃபோர்மேன் திறந்து பார்த்தபோது வெளியேற்றும் பக்கம் இரண்டு வால்வு இறுகியிருந்தது. ஷிம் மாற்றினார். 350 வெள்ளி.

பில்லை அக்காள் வாங்கிப் பார்த்தாள். "இந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள். காலை எட்டு மணிக்குள் "சேர்ந்துட்டேன்" என்று கைபேசியில் செய்தி வரும்வரை அவள் பசியாறுவதில்லை. அதில் இன்னும் மாற்றம் இல்லை. போன சனிக்கிழமை நான் போயிருந்தபோது பையன் வாசலில் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சங்கிலி துடைத்துக்கொண்டிருந்தான். துணி போதவில்லை என்று உள்ளே குரல் கொடுத்தான். அவள் தன் பழைய கைலி ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள். மறுபாதியை அடுத்த தடவைக்கு என்று கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள்.