தெருவோரத்தைக் குத்தகைக்கு விட்ட ஊர்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், தெருத் திருவிழாவுக்கோ சாலைப் பணிக்கோ பார்க்கிங் மீட்டர் உள்ள இடங்களை அடைத்தால், ஓர் அளவுக்கு மேல் போகும்போது மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்துக்கு நஷ்டஈடு கட்டியாக வேண்டும். சாலை ஊருடையது. அதன் ஓரத்தில் விழும் காசு ஊருக்கு இல்லை.

2008 டிசம்பரில் எழுதிய ஒப்பந்தம் இது. பொருளாதாரம் ஆட்டம் கண்டிருந்த நேரம். பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்திருந்தது. சுமார் 36,000 மீட்டர்களின் வருமானத்தை 75 ஆண்டுகளுக்கு, மார்கன் ஸ்டான்லி வங்கி முன்னின்று அமைத்த நிறுவனத்திடம், ஏறத்தாழ 115 கோடி டாலருக்குக் கொடுக்க மேயர் ரிச்சர்ட் எம். டேலி முடிவெடுத்தார். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே மாமன்றம் 40-க்கு 5 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. ஒரு காணி நிலத்தை ஒத்திக்கு விடுகிறவர்கூடப் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். முக்கால் நூற்றாண்டை எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதை ஆற அமரப் படிக்கவும் நேரம் இருக்கவில்லை.

2009-ல் மாநகராட்சியின் சொந்தக் கண்காணிப்பு அலுவலகமே கணக்குப் பார்த்தது. மீட்டர்களைக் கையில் வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பைவிட 97 கோடியே 40 லட்சம் டாலர் குறைவாக விலை போயிருந்தது. வந்த பணத்தின் பெரும்பகுதியும் சில ஆண்டுகளுக்குள் பட்ஜெட் ஓட்டையை அடைப்பதிலேயே கரைந்தது. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டார்கள். நகர மையத்தில் மணிக்கு 3 டாலராக இருந்த கட்டணம் 2013-க்குள் 6.50 ஆனது.

கட்டணம் உயர்ந்ததை மட்டும் நான் குறையாகச் சொல்லவில்லை. 1935-ல் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டதே, நாள் முழுக்கக் கடைவாசலை அடைத்து நின்ற கார்களை நகர்த்தி, அடுத்தவருக்கு இடம் கிடைக்கச் செய்யத்தான். அந்த இடத்துக்கு விலை வைப்பது நியாயம். ஆனால் எங்கே மீட்டர் வேண்டும், எங்கே பஸ் தடம் வேண்டும் என்பதைத் தெருவுக்குச் சொந்தக்காரர்கள் தடையின்றித் தீர்மானிக்க வேண்டாமா?

அபராதப் பணம் மட்டும் மாநகராட்சிக்கே வந்தது. அதை வசூலித்த விதம்தான் மனதை வருத்துகிறது. வண்டியில் மாநகராட்சியின் வாகன வரி வில்லை ஒட்டாததற்கான அபராதத்தை 2012-ல் 120 டாலரிலிருந்து 200 ஆக்கினார்கள். கட்டத் தவறினால் தாமதக் கட்டணமும் வசூல் கட்டணமும் சேர்ந்து 488 டாலர் ஆனது. பழைய அபராதச் சீட்டுகள் சேர்ந்தால் சக்கரத்துக்குப் பூட்டு. பிறகு இழுவை வண்டி. பத்துச் சீட்டு நிலுவையில் இருந்தால் ஓட்டுநர் உரிமமே முடங்கியது. வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, வேலை இல்லாமல் கடனை அடைக்க முடியாது. 2018-ல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் விவரங்களைத் தோண்டியபோது, சுமை அதிகம் விழுந்தது கறுப்பின மக்களின் ஏழைக் குடியிருப்புகள் மீது என்று தெரிந்தது. மாநகராட்சிக்கான கடனோடு திவால் மனு போட்டவர்கள் 2007-ல் சுமார் ஆயிரம். பத்தே ஆண்டில் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள்.

பார்க்கிங் சீட்டு நிலுவைக்காக உரிமத்தை முடக்குவதை, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 2020-ல் நிறுத்தியது. 2022-ல் மாநகராட்சி, குறைந்த வருமானக்காரர்களின் பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்யத் தனித் திட்டம் கொண்டுவந்தது. மீட்டர் குத்தகை முடிய இன்னும் அறுபது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.