சோளகக் காற்றும் முற்றவெளி மேடையும்

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பட்டம் ஏற்றப் போன இளைஞர் ஒருவரைப் பட்டமே கயிற்றோடு மேலே தூக்கிச் சென்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நல்லகாலம், உயிர் தப்பினார். அந்தப் பட்டத்தைவிடப் பெரிய பரப்பைத்தான் இசை நிகழ்ச்சிக்காக யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலில் நிமிர்த்தி வைக்கிறோம்: கூரைத் தறப்பாள், பின்திரை, எல்இடி திரை, அனுசரணையாளர்களின் பதாகைகள்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீற்றரை ஏறக்குறைய 6 கிலோ பாரம் அழுத்துவது போலத் தள்ளும். 72 கி.மீ. என்றால் 25 கிலோ. 6 மீற்றர் அகலமும் 4 மீற்றர் உயரமும் உள்ள எல்இடி திரைக்கு அது 600 கிலோ! உயரத்தில் தள்ளுவதால் மேடை கவிழப் பார்க்கும்; கூரையையோ காற்று மேல்நோக்கி இழுக்கும். பதாகையில் பிறை வடிவில் ஓட்டை வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் குறைவது மிகச் சொற்பம்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கல், நிலம். பல இடங்களில் மண் மெல்லிய படைதான், கீழே சுண்ணாம்புக்கல். மேடையைப் பிடிக்கும் கம்பிக்கான முளை ஆழமாக இறங்காத இடத்தில் தண்ணீர்த் தாங்கியையோ கொங்கிறீற் கட்டையையோ வைத்துத்தான் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். 1,000 லீற்றர் தாங்கி ஒரு தொன் பாரம், உண்மை. ஆனால் ஈரப் புல்லில் அதை இழுத்து நகர்த்த ஒரு தொன் விசை தேவையில்லை, பாதியே போதுமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் 2011 ஆகஸ்ட் 13 அன்று நடந்தது இதுதான். மணிக்கு 95 கி.மீ. அளவிலான காற்றில், கம்பிகளைப் பிடித்திருந்த கொங்கிறீற் தடுப்புகள் இழுபட்டு நகர, மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் அங்கே தெளிவாக இருக்கவில்லை. ராஜஸ்தானின் ஜசோலில் 2019 ஜூன் 23 அன்று காற்றிலும் மழையிலும் பந்தல் விழுந்து 14 பேர் உயிரிழந்தார்கள்.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் தடையேதும் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. மேடையைச் சாய்ப்பது சில விநாடி வீசும் வன்காற்று. அதை அளக்கும் காற்றுமானி மேடையின் உச்சியில் இருக்க வேண்டும். தரையில் பிடித்துப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும்.

எந்த வேகத்தில் பதாகையையும் பின்திரையையும் கழற்றுவது, எதில் மேடையை வெறுமையாக்குவது, எதில் சனத்தை அனுப்புவது என்ற கணக்கைப் பொறியியலாளர் கையொப்பமிட்டு முன்கூட்டியே தரவேண்டும். 2024 பெப்ரவரி 9 அன்று முற்றவெளியில் சனம் தடுப்புகளைத் தாண்டி முன்னேறியதால் இசை நிகழ்ச்சி இடையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அத்தனை பேரை ஐந்து நிமிடத்தில் வெளியேற்ற முடியாது. ஆகவே நிறுத்தும் வேகம், மேடை தாங்கும் வேகத்துக்கு நன்றாகக் கீழே இருக்கவேண்டும்.

திடலுக்கு அனுமதி தருகிறவர்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கவேண்டும்: நிறுத்தச் சொல்பவர் யார்? அவர் பெயர் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கட்டும். பாடகர் பாதிப் பாட்டில் நின்றாலும், அனுசரணையாளர் கோபித்தாலும், அவர் சொல்லை மாற்ற வேறு எவருக்கும் உரிமை இருக்கக்கூடாது.