ஸ்டெல்லாரிஸ்ல கப்பல் கட்டுறதும், நிஜத்துல கார் வாங்குறதும்!



என் சித்தி பையனுக்கு 26 வயசு. சென்னையில ஐடி வேலை. மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணான். "அண்ணா, நாளைக்கு கார் புக் பண்றேன். அக்கவுண்ட்ல 2,40,000 இருக்கு. டவுன் பேமென்ட் 1,80,000. மீதிக்கு லோன். ஓகேதானே?"

அவனும் நானும் லீவு நாள்ல ஸ்டெல்லாரிஸ் ஆடுறவங்க. அதனால அந்த கேமை வச்சே பதில் சொன்னேன்.

தெரியாதவங்களுக்கு: இது ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கேம். கதை 2200-ம் ஆண்டு தொடங்கும். ஒரு தாய்க்கிரகம், சில கப்பல்கள், அவ்வளவுதான் கையில. அங்கிருந்து விண்வெளியைத் தேடித் தேடி ஒரு பேரரசையே கட்டணும்.

மேலே ரெண்டு நம்பர்

திரையோட மேல்பக்கம் எனர்ஜி, தாதுக்கள், உலோகக்கலவைன்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் கையிருப்பு. ரெண்டாவது, மாசாமாசம் வரவுல செலவு போக நிக்கிறது. நம்ம சம்பளம் மாதிரியே, ஒவ்வொரு மாசமும் 1-ம் தேதி கணக்கு ஏறும்.

புதுசா ஆடுறவங்க முதல் நம்பரை மட்டும் பார்த்து கப்பலா கட்டித் தள்ளுவாங்க. கட்டுற செலவு ஒரு தடவைதான். ஆனா பராமரிப்பு மாசாமாசம் போகும். படையின் வரம்பைத் தாண்டினா அது இன்னும் ஏறும். ரெண்டாவது நம்பர் மைனஸ் ஆகும். கையிருப்பு தீர்ந்ததும், ஆசையா கட்டின கப்பல்களோட பலமே குறைஞ்சிடும்.

சந்தையில எனர்ஜி வாங்கிச் சமாளிக்கலாம். ஆனா ஆரம்பத்துல கட்டணமே 30 சதவீதம். வாங்க வாங்க விலையும் ஏறும். நிஜ வாழ்க்கையில அந்தச் சந்தைக்குப் பேர் கிரெடிட் கார்டு.

தம்பியோட கணக்கு

"உன் ரெண்டாவது நம்பர் என்னடா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. சேர்ந்து போட்டுப் பார்த்தோம்.

- கைக்கு வர்ற சம்பளம்: 58,000
- வாடகை 14,000, வீட்டுக்கு 10,000, போன் இஎம்ஐ 4,500, மத்த செலவு 21,500. மொத்தம் 50,000
- இப்போ நிக்கிறது: பிளஸ் 8,000
- கார் இஎம்ஐ 13,000, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் சராசரியா 5,000
- கார் வந்த பிறகு: மைனஸ் 10,000

டவுன் பேமென்ட் போக மிச்சம் 60,000. அதாவது ஆறே மாசம். அதுக்குள்ள வேலை போனாலோ, வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ?

கொஞ்ச நேரம் அவன் பேசவே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் கார்ல வர்றாங்க, அவனுக்கும் ஆசை இருக்கும்ல? அதனால "வாங்காதே"ன்னு சொல்லல. "மூணு மாசம் கார் இருக்கிற மாதிரியே வாழ்ந்து பாரு. 1-ம் தேதி 18,000 எடுத்து தனி அக்கவுண்ட்ல போடு. முடிஞ்சா வாங்கு"ன்னேன்.

முதல் மாசம் 11,000தான் போட முடிஞ்சுது. ரெண்டாவது மாசம் 12,000. நேத்து அவனே கூப்பிட்டான். "அண்ணா, போன் இஎம்ஐ முடியட்டும். அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல பார்க்கிறேன்."

கார் ஆசை போகல, தேதிதான் தள்ளிப் போச்சு. அது போதும்.

நீங்களும் பெரிய இஎம்ஐ எதுலயாவது கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, பேங்க் பேலன்ஸை மூடி வச்சிட்டு ஒரு பேப்பர்ல அந்த ரெண்டாவது நம்பரை எழுதிப் பாருங்க. இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். சந்திப்போம்!