உங்களுக்குத் தெரியுமா? வேதனையைக் குறைத்த ஒரு மாற்றம்

கருப்பையின் உட்புறத்தை நேரில் கண்டு நோயை நிச்சயிக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி என்னும் பரிசோதனையில் ஸ்திரீகள் படும் வேதனை, உள்ளே செல்லும் குழாயினால் மட்டுமன்றி, யோனியை விரிக்கும் கருவியினாலும் கருப்பை வாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியினாலும் உண்டாவது என்பதை உணர்ந்த இத்தாலிய வைத்தியர் ஸ்டெஃபானோ பெட்டோக்கி, தம் சகாவான லூயிஜி செல்வாஜியுடன் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், அவ்விரு கருவிகளையும் அறவே விலக்கி, திரவத்தின் அழுத்தத்தாலேயே வழி விரியும்படி செய்து, மெல்லிய குழாயைக் கண்ணால் பார்த்தபடியே செலுத்தும் முறையை விவரித்தார்.

கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டாலும் சிலருக்கு உள்வலி எஞ்சுவதற்குக் காரணம் உண்டு: வாய்ப்பகுதியின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் முதுகுத் தண்டின் அடிப்பாகத்தையும், கருப்பையின் மேற்பகுதி நரம்புகள் அதற்கும் உயரமான இடத்தையும் சென்றடைகின்றன. ஆகவே அந்த வலி கற்பனையன்று. சரீர சாஸ்திரம் அறிந்த உண்மை. இதேபோல், கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்துமுன்னும் வலியைப் பற்றியும் அதைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் ஸ்திரீகளிடம் பேசவேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. பரிசோதனை அறைக்குள் செல்லுமுன், வலிக்கு என்ன ஏற்பாடு என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமையும் உங்களுடையதே.