உங்களுக்குத் தெரியுமா? மிருதங்கம் இல்லாத அபிநயம்

நிருத்தம், நிருத்தியம், நாட்டியம் என்று பரதத்துக்கு மூன்று முகம். ஆனால் ஆழ்வார் பாசுரங்களைக் கோயிலில் பாடி அபிநயிக்கும் திருவரங்கத்து அரையர் சேவைக்கு, நிருத்தத்துக்குரிய ஜதியும் தீர்மானமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பாசுரம்தான் ராஜா.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி விழா. முதல் பத்து நாளான பகல்பத்துக்கு அர்ச்சுன மண்டபம், அடுத்த பத்தான இராப்பத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள திருமாமணி மண்டபம். உற்சவர் நம்பெருமாள் முன் அரையர்கள் நிற்பார்கள்: தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். மிருதங்கம், வயலின் எதுவும் கிடையாது. பாசுரத்தைப் பாடி, அதன் பொருளைக் கையாலும் முகத்தாலும் காட்டி, ‘தம்பிரான்படி’ என்ற உரையையும் சொல்வார்கள். அரையர் சேவையைத் தொடங்கிவைத்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. இது ஆண்கள் வழிவழியாகச் செய்துவரும் கைங்கர்யம். ஆனாலும் முத்துக்குறி அபிநயத்தில் தாய், மகள், குறிசொல்லும் கட்டுவிச்சி மூவருமே அரையர்தான்! ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும்கூட அரையர் சேவை உண்டு.