விளக்குக் கம்பத்தில் மீன் கிடைக்காது

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: "சக்தி பலகையில் புரோகிராம் ஓட்டுகிறேன். லிங்கர் ஸ்கிரிப்டில் 'எண்ட்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை அச்சிட்டால் ஏதோ குப்பை எண் வருகிறது. ஏன்?"

தம்பி, இதே குழியில் நானும் இரண்டு நாள் கிடந்தவன்தான்.

சக்தி, அடையாற்றைத் தாண்டினால் வரும் ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்த ப்ராஸசர். லிங்கர் ஸ்கிரிப்ட் என்பது புரோகிராமின் எந்தப் பகுதி மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் ஃபைல். சக்தி பலகைகளுக்கான ஸ்கிரிப்டைத் திறந்தால் ஒரு புள்ளி தெரியும். அதற்கு 214,74,83,648 என்று மதிப்பு கொடுத்திருப்பார்கள். பதினாறடிமானத்தில் எட்டும் ஏழு சுழியமும். அங்கிருந்து கட்டளைகள், தரவு என்று ஒவ்வொன்றும் இடம் பிடிக்கப் பிடிக்கப் புள்ளி நகரும். எல்லாம் உட்கார்ந்த பிறகு புள்ளி நிற்கும் முகவரிக்குப் பெயர்தான் 'எண்ட்'.

வேடிக்கை இங்கேதான். உங்கள் ஊர் மீன் கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் லூப் ரோட்டில் 366 கடைகளோடு மீன் அங்காடி திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு, சாலையோரத்தில் என் பாட்டி வஞ்சிரம் வாங்கிய காலத்தில், "அந்த விளக்குக் கம்பத்தோடு கடை முடியும்" என்பதுதான் அடையாளம். கம்பத்தடியில் போய் "என்ன மீன்?" என்று கேட்டால்? பூனையோ காலிக் கூடையோ, அந்த நேரத்தில் எது கிடக்கிறதோ அதுதான் பதில்.

'எண்ட்' அந்தக் கம்பம். அது மெமரியில் ஒரு பைட்டும் பிடிப்பதில்லை. முகவரிதான் அதன் மதிப்பு. நீங்கள் அதை 'இன்ட்' என்று அறிவித்ததால், கம்பைலர் உருவாக்கிய கட்டளை அந்த முகவரிக்குப் போய் அங்கே கிடந்த நாலு பைட்டை அள்ளி வந்தது. பெயருக்கு முன்னால் ஓர் ஆம்பர்சண்ட் போடுங்கள், முகவரி வந்துவிடும். இப்படி இரண்டு கம்பங்களுக்கு நடுவே சுழியம் நிரப்பித்தான் ஸ்டார்ட்அப் கோடு தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகள் இருக்கும் 'பிஎஸ்எஸ்' பகுதியைத் தயார் செய்கிறது.

ஒரு மனக்குறை. சீனியரின் பென் டிரைவில் வந்த ஸ்கிரிப்டைத் திறக்காமலே ஓட்டுபவர்களைப் பல லேப்களில் பார்க்கிறேன். ரேம் குறைவான பலகையில் பழைய ஸ்கிரிப்ட் போனால் ஸ்டாக் போய் இல்லாத மெமரியில் உட்காரும், பலகை உறைந்துவிடும், பழி பலகைக்கு. ப்ராஸசரே வடிவமைக்கிற ஊரில் நாலைந்து டஜன் வரி படிக்கச் சோம்பலா?

லிங்கரிடம் மேப் ஃபைல் கேட்டால் எந்தப் பெயர் எந்த முகவரியில் என்று எழுதியே கொடுக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஊர் உங்களுடையது. மேப் ஃபைலையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.