தபாலில் வேப்பமரம் வருமா?

சிதம்பரம் என்றதும் பக்தர்களுக்கு நடராஜர் ஞாபகம் வருவார். ஆபீஸ் ஆசாமிகளில் பல பேருக்கு ஞாபகம் வருவது ஒரு தபால் கவர்! அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ஆரம்பித்தது. 1979-ல் தொலைதூரக் கல்விப் பிரிவைத் துவக்கியது. அப்புறம் என்ன... பகலில் கேஷ் கவுன்ட்டர், ராத்திரியில் அண்ணாமலை நகரிலிருந்து வந்த பாடப் புத்தகம் என்று தூங்கி வழிந்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கி, புரமோஷனும் வாங்கியவர்கள் உங்கள் செக்‌ஷனிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். நைஸாக விசாரித்துப் பாருங்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்பதைத் தபாலிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால், மூன்றாம் கிளாஸ் படிக்கிற வாண்டுக்கு 'மரக்கட்டை' என்கிற பாடத்தை எங்கோ உட்கார்ந்துகொண்டு நடத்த முடியுமா? மரம் என்பது தொட்டு, தட்டி, முகர்ந்து, தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டிய சமாசாரம் ஆயிற்றே!

2020 மார்ச்சில் இந்தக் கேள்வி நம் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. நடுவில் ஒன்றரை வருஷம்! 2019-லேயே ஆரம்பித்திருந்த கல்வி டி.வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்தது. வசதி உள்ள வீட்டில் அப்பாவின் செல்போன்தான் வகுப்பறை. அப்பா வேலைக்குப் போய்விட்டால் வகுப்பறையும் கூடவே போய்விடும்!

அந்தச் சமயத்தில் கடலூர் ஓ.டி.யில் என் அக்கா பையன் போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு மிஸ், கண்ணாடிக் கிண்ணத்தில் மரக்கட்டையைப் போட்டார். மிதந்தது. ''மரம் மிதக்கும், எழுதிக்கோங்க!'' என்றார்.

பையன் என்னிடம் கேட்டான்: ''எல்லா மரமுமா மாமா மிதக்கும்?''

நியாயமான கேள்வி. போனுக்குள் கை விட்டு இன்னொரு கட்டையைப் போட முடியாதே! கொல்லைப்பக்கம் போனோம். காய்ந்த முருங்கைக் குச்சி, சவுக்கு விறகுத் துண்டு, உடைந்த தேக்குச் சட்டம் மூன்றும் கிடைத்தன. பக்கெட்டில் போட்டோம். முருங்கை பஞ்சு மாதிரி மேலே நின்றது. தேக்கு பாதிக்கு மேல் அமிழ்ந்து மிதந்தது. சவுக்கு, தலையை மட்டும் காட்டியது. எதிர்வீட்டு அண்ணன் கழுத்து மாலையிலிருந்து ஒரு கருங்காலி மணியை இரவல் வாங்கிப் போட்டான். 'டுபுக்'கென்று அடியில் போய் உட்கார்ந்துவிட்டது!

''அப்போ மிஸ் சொன்னது?'' என்றான். ''அவங்க கட்டை மிதந்துது, அவ்ளோதான்'' என்றேன். அன்றைக்கு அவன் நோட்டில் எழுதியது, எந்தக் கோனார் நோட்ஸிலும் இருக்காது.

கவரில் என்ன போடலாம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. செய்முறைப் பாடத்தைத் தூரத்துக்கு அனுப்புவது என்றால், டீச்சர் செய்வதைப் படம் பிடித்து அனுப்புவது அல்ல. செய்கிற வேலையைக் குழந்தையின் கைக்கு மாற்றி, கேள்வியை மட்டும் அனுப்புவது. பொருள் அந்த வீட்டிலேயே, காசில்லாமல் கிடைக்க வேண்டும். போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் 'மிதக்குமா, மூழ்குமா?' என்று குழந்தை பந்தயம் கட்ட வேண்டும். முடிந்ததும், பார்த்ததை அதன் வாயாலேயே சொல்ல வேண்டும். எழுதத் தெரியாத வாண்டுக்கும் வாட்ஸ்அப்பில் பேசத் தெரியும், சார்!

சாம்பிளுக்குச் சில:

தீக்குச்சி நட்சத்திரம்: ஐந்து மரக் குச்சிகளை நடுவில் மடித்து, முழுசாக ஒடிந்துவிடாமல் 'வி' மாதிரி ஆக்குங்கள். மடிப்புகள் ஐந்தும் நடுவில் சந்திக்கிற மாதிரி தட்டில் அடுக்கி, நடுவே இரண்டு சொட்டுத் தண்ணீர். குச்சிகள் மெல்ல விரிந்து நட்சத்திரமாகும். மடிந்த இடத்தில் இருக்கிற நார்கள் தண்ணீரைக் குடித்து உப்பி நிமிர்வதுதான் ரகசியம். மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுங்கள். மெழுகுக் குச்சி என்றால் வேலைக்கு ஆகாது. பல் குத்துகிற மரக் குச்சி உத்தமம்.

பிரம்பு: வாத்தியார் கைப் பிரம்புக்கு உருப்படியாக ஓர் உபயோகம்! ஒரு சின்னத் துண்டின் நுனியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, மறு நுனியில் ஊதினால் குமிழி வரும். உள்ளே நீளமாக ஓடும் நுண்குழாய்கள் வழியாகக் காற்று போகிறது. உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறியதும் அந்த வழியாகத்தான். பிரம்பு, பனை ஜாதி. அதனால் 'மரத்தில் ஊதினால் ஏன் இவ்வளவு சுலபமாக வரவில்லை?' என்பது அடுத்த கேள்வி. ஆளுக்கு ஒரு துண்டு, ஒருத்தர் ஊதியதை மற்றவர் ஊதக் கூடாது.

பெஞ்சு டெலிபோன்: மர பெஞ்சின் ஒரு முனையில் காதை வைத்துக்கொள்ள, மறுமுனையில் தம்பி நகத்தால் சுரண்டட்டும். காற்றில் கேட்காதது கட்டையில் கேட்கும்.

அகப்பை: ஸ்டீல் கரண்டி, மர அகப்பை இரண்டையும் சுடுதண்ணீரில் நிற்க வைத்து, ஐந்து நிமிஷம் கழித்து மேல் நுனியைத் தொட்டுப் பார்ப்பது. சுடுதண்ணீர் ஊற்றுவது அம்மாவோ அப்பாவோதான்.

புத்தகம் சொல்லும், மரம் சொல்லாது

'வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணினால் வயது தெரியும்' என்று நாம் எல்லாருமே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு மாமரத்து அடிக்கட்டையைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள், குழந்தை திருதிருவென்று விழிக்கும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகிற ஊர்களில் எழுதப்பட்ட பாடம் அது. நம் சூட்டில் பல மரங்கள் வருஷம் பூராவும் வளர்வதால் வளையம் தெளிவாக விழாது. தேக்கில் நன்றாகத் தெரியும். தென்னையிலும் பனையிலும் வளையமே கிடையாது. எனவே, வெளியூர்ப் பாடத்தை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினால் தப்பு குழந்தையின் பேரில் விழும். 'உங்க தெருவிலே எந்தக் கட்டையில வளையம் இருக்கு, எதிலே இல்லே?' என்று கேட்டு அனுப்பினால் அதுவே நல்ல பாடம்.

இந்த விஷயத்தில் கடலூர் மாவட்டம் கொடுத்து வைத்தது. பண்ருட்டியில் பழத்துக்குப் பேர் போன பலா, மிருதங்கக் கட்டையாகவும் ஆகிறது. நெய்வேலியில் தோண்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் புதைந்த தாவரங்கள்தான். மரத்தைப் பற்றிப் போனில் பாடம், அந்தப் போனுக்கு சார்ஜே அந்தக் காலத்து மரத்தில்! பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை போனால், சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். சேற்றுக்கு மேலே வேர் நீட்டி நிற்கிற சுரபுன்னை அங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் கொடுத்த தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் விபரீதம். ஆகவே, 'எதையும் ஒடிக்காதே, தள்ளி நின்று பார்' என்பது அந்தப் பாடத்தின் முதல் வரி.

இதனால் என்ன லாபம்?

காமர்ஸ்காரன் கடைசியில் கணக்குக்குத்தான் வருவான்! பள்ளிகள் திறந்த பிறகு, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். தமிழிலும் கணக்கிலும் பெரிய நஷ்டம். ஆனால், அடுத்த ஆறு மாதத்திலேயே அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் என்று கண்டார்கள்.

2021 அக்டோபர் 27-ம் தேதி மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் துவங்கிய திட்டம் அது. முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதே தெருவில் இருக்கிற படித்த அக்காவோ அண்ணனோ, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்து, 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' வந்தது. 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்காக, சோதனைச் சாமான்களை டூ வீலரில் வைத்துக்கொண்டு ஆட்கள் பள்ளிக்கே போனார்கள். பாடம் தூரத்திலிருந்து வந்தாலும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் இரண்டிலும் தெரிகிற சங்கதி.

'அதான் ஸ்கூல் திறந்தாச்சே, இப்ப எதுக்கு?' என்று கேட்பீர்கள். கடலூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கலெக்டர் விடுமுறை அறிவிக்கிற முதல் மாவட்டங்களில் ஒன்று கடலூர். மழை லீவில் வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை என்ன செய்யும்? போனைத்தான் நோண்டும்.

அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். ஆம், நீங்கள்தான்! அந்த வீட்டின் மாமா, சித்தப்பா, மாடி ரூம் பேச்சுலர் அண்ணன். மழை விடாமல் பெய்தால் உங்கள் வாசல் கதவு இறுகி மூட மறுக்குமே, ''சனியன் பிடிச்ச கதவு'' என்று உதைக்காதீர்கள். குழந்தையைக் கூப்பிட்டு, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நுழையாது. தை மாதம் வெயில் வந்ததும் அதே இடத்தில் மறுபடி செருகச் சொல்லுங்கள். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக நீளாது என்பதை அது தானாகவே கண்டுபிடித்துவிடும்.

செலவு: ஒரு விசிட்டிங் கார்டு. புது டெசிக்னேஷன் போட்டு அடித்த பிறகு, பழையதெல்லாம் டிராயரில் சும்மாதானே கிடக்கிறது?